வேன் விலைக்கு நாலு பல்

பெட்சீட் ஹஸீப் நானாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சோறு தின்னும்போதே பாதியில் எழுந்துபோய், வாசலில் நிற்கும் ஆட்டோவின் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வருவார். வந்து உட்கார்ந்தால் கறி ஆறிப்போயிருக்கும். அதற்கும் மனைவி ஷஹீலாவோடு ஒரு சண்டை. "நீங்க ஒழுங்கா உக்காந்து தின்ட நாள் ஒன்டு இரிக்கா?" என்று அவள் கேட்பாள். மனைவி கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் என்னத்துக்கு ஆகிறது! அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கியிருப்பார்.

பதுளையில் அவருக்குக் கடை கிடையாது. ஆட்டோதான் கடை. பின்னால் கூரை முட்ட பெட்சீட், கம்பளி, சாரம், தலையணை உறை. முன்னால் ஒரு மைக். ஞாயிற்றுக்கிழமை லுணுகலைச் சந்தை, சம்பளம் போடுகிற நாளில் பூனாகலைத் தேயிலைத் தோட்டம், மற்ற நாளில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசல், எது கண்ணில் படுகிறதோ அது. அந்தக் குளிரில் பெட்சீட் விற்க என்ன பெரிய சாமர்த்தியம் வேண்டும் என்று கேட்பவர்கள், அவரோடு ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். அதே பெட்சீட்டை அதே விலைக்கு வேறு பலரும்தான் விற்கிறார்கள். ஹஸீப் நானாவின் வாய் அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

"வாங்க வாங்க வாங்க! போத்தினா சூடு, மடிச்சா தலகாணி! மாமியாருக்கு ஒன்ன வாங்கிக் குடுங்க, விடிய விடியத் தூங்கும், வீட்ல சண்ட இல்ல!"

தோட்டத்துக்குப் போனால் தோட்டத்துத் தமிழ், பள்ளிவாசலுக்கு வந்தால் பள்ளிவாசல் தமிழ், பொலிஸ்காரர் நிறுத்தினால் சிங்களம். மூன்றிலும் அவருக்கு வாய் ஓயாது. அந்த வாயில்தான் ஓட்டை விழுந்தது.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து பல வருஷம். குளிசையை ஒரு நாள் போடுவார், இரண்டு நாள் மறப்பார். பல்லைப் பிடித்திருக்கும் முரசு வீங்கி இரத்தம் கசிந்தபோது, உப்புத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு லுணுகலைக்குப் போனார். ஆடிய பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். மேல்வரிசையில் முன்பல் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசிப் பல் ஒரு துண்டு பேரீச்சம்பழத்தோடு வந்தது. அல்லாஹ்வே, பேரீச்சம்பழம்! கல் கடித்துப் போயிருந்தாலும் சொல்லிக்கொள்ள ஒரு மரியாதை இருந்திருக்கும்.

பொய்ப்பல் செய்து போட்டார். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரோஸ் நிற பிளேட், அதில் நாலு பல். கண்ணாடியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது சாதாரணமாகப் பேசுகிற மனிதர்களுக்குச் செய்த பிளேட்; ஹஸீப் நானாவுக்குச் செய்ததில்லை. பூனாகலையில் சம்பள நாள். பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். "வாங்க வாங்க" என்று மூன்றாவது "வாங்க"வுக்கு அவர் மூச்சை இழுத்து விட்டாரோ இல்லையோ, பிளேட் கழன்று, மைக்கில் ஒரு தட்டுத் தட்டி, விரித்து வைத்திருந்த நீலப் பூப்போட்ட பெட்சீட்டில் போய் விழுந்தது. அந்தத் தட்டுச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது.

பிறகு வடிவம்மா என்கிற கொழுந்து பறிக்கிற அம்மா, முந்தானை நுனியால் அதை எடுத்து நீட்டினாள்.

"நானா, இதயும் விக்கிறதா? என்னா வெல?"

லயமே சிரித்தது. அவரும் சிரித்தார், வேறு என்ன செய்வது? வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு வியாபாரம் வழக்கத்தைவிட நன்றாக நடந்தது என்பது உண்மை. ஆனால் திரும்பி வரும்போது, காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மனிதர்கள் அவர் பேச்சுக்குத்தான் இத்தனை காலமும் சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பிளேட்டும் நிலைக்கவில்லை. தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி வுழூ செய்யும்போது வாய் கொப்பளிக்க வேண்டும் அல்லவா? பொய்ப்பல்லைக் கழற்றத் தேவையில்லை, அப்படியே கொப்பளித்தால் போதும் என்று மௌலவி தெளிவாகச் சொல்லியிருந்தார். கேட்கிற ஆளா இவர்! ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் பல்லைக் கழற்றி ஹவ்ழுத் தொட்டியின் திட்டில் வைத்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர் விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நெரிசல். பக்கத்தில் கால் கழுவியவரின் சாரத் தலைப்பு தட்டியது; பல் வழுக்கிக்கொண்டு போய் வடிகாலில் விழுந்தது. பள்ளிவாசல் மோதினார் இப்றாஹீம் கம்பி விட்டுத் துழாவினார். ஒரு சவர்க்காரத் துண்டும் யாருடையதோ ஒரு மோதிரமும் வந்தன. பல் வரவில்லை.

"இன்னொன்டு செஞ்சி போடுங்க நானா, அதுக்கென்ன," என்றார் இப்றாஹீம்.

"இனிமே கழறுற பல்லே வேணாம்!" என்று அங்கேயே நின்று கத்தினார். முன்பல் இல்லாமல் கத்தியதால் அது கோபமாகவும் கேட்கவில்லை.

இந்த நேரம் பார்த்து ஜுமானாவுக்குச் சம்பந்தம் முற்றாகியது. ஜுமானா அவருடைய இளைய மகள். மாப்பிள்ளை ஸாஹிர், பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம். நல்ல பிள்ளை, அதிகம் பேச மாட்டான். நிக்காஹ் ஆறு மாதம் கழித்து என்று பேசி முடித்தார்கள்.

ஹஸீப் நானாவின் மனதுக்குள் ஒரு பழைய முள் இருந்தது. மூத்தவள், ஜுமானாவின் ராத்தா ஸிஹாமாவின் நிக்காஹ் கொரோனா ஊரடங்கில் நடந்தது. அவளும் தாயும் மாப்பிள்ளையின் ஊரில் அகப்பட்டுக்கொள்ள, இவர் பதுளையில். ரோடெல்லாம் பூட்டு. நிக்காஹில் பெண்ணின் வாப்பாதான் வலீ. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சபையில் சொல்ல வேண்டியவர் அவர். முடியாதவர்கள், கூச்சப்படுகிறவர்கள், அந்தப் பொறுப்பை மௌலவியிடம் ஒப்படைத்துவிடலாம். முக்கால்வாசி வாப்பாமார் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஹஸீப் நானாவும் போனில் ஒப்படைத்தார். ஊருக்கெல்லாம் பெட்சீட் கூவுகிற வாய், சொந்த மகளுக்கு ஒரு வாக்கியம் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. அன்றைக்குப் போனை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஜுமானாவின் தலையில் கை வைத்து, "ஒன்ட நிக்காஹ் என்ட வாயாலதான் புள்ள. கொரோனா வந்தாலும் சரி, கொப்பனே வந்தாலும் சரி," என்றார். அவளுடைய கொப்பன் அவரேதான் என்பது அந்த நேரம் அவருக்கு நினைவில்லை. ஜுமானா அழுகையிலும் சிரித்தாள்.

அந்தப் பிள்ளை அதை மறக்கவில்லை. சம்பந்தம் முற்றான அன்று தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "வாப்பா, சொல்லிப் பழகிக்கோங்க," என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

பழகிப் பார்த்தார். ஆட்டோவுக்குள் தார்ப்பாயை இறக்கிவிட்டுச் சொல்லிப் பார்த்தார். 'செய்து தந்தேன்' என்கிற இடத்தில் காற்று விசிலடித்துக்கொண்டு போனது.

அடுத்த நாளே பல் டொக்டரிடம் போய் நின்றார். டொக்டர் கம்சலா பதுளைக்காரி. சின்ன வயது, ஆனால் அவசரம் கிடையாது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இது ஒங்க மேல்தாட எலும்பு. பல்லு போன எடத்துல எலும்பு கொஞ்சங் கொஞ்சமா கரையுது, தெரியுதா? இம்ப்ளான்ட்னா, டைட்டேனியத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ. அத எலும்புக்குள்ள வச்சிருவோம். அது மேலதான் பல்லு. நாலு பல்லுக்கு நாலு வேணாம். ரெண்டு வச்சா போதும், நாலயும் சேத்துப் பாலம் மாதிரி மாட்டிரலாம்."

"கழறுமா?"

"சும்மா கழறாது."

"கத்தினா?"

"கத்தினாலும் கழறாது."

ஹஸீப் நானாவின் முகம் மலர்ந்தது. விலையைச் சொன்னதும் வாடியது. ஸ்கேன், அறுவை, ஸ்க்ரூ, மேலே வைக்கும் பல் எல்லாம் சேர்த்து அவள் சொன்ன தொகை, அவர் பழைய ஆட்டோவை மாற்றிவிட்டு ஒரு சின்ன வேன் எடுக்க வருஷக் கணக்காக வங்கியில் போட்டு வைத்திருந்த பணத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. பொறிதட்டியது போல் வியாபாரி விழித்துக்கொண்டார்.

"ரெண்டு ஸ்க்ரூ எடுத்தா வெலையில ஒன்டும் கொறைக்க ஏலாதா டொக்டர்?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது பெட்சீட் இல்லங்க. கொஞ்சம் கொறைக்கலாம், ரொம்ப முடியாது. ஆனா விலையவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. ஒங்க சீனி. இந்தச் சீனியோட வச்சா காயம் ஆறாது, ஸ்க்ரூ பிடிக்காம வெளிய வந்திரும், காசு தண்ணியில. மொதல்ல முரசுக்கு வைத்தியம். சீனி கொறஞ்சாத்தான் கத்தி. வச்ச பெறகு எலும்பு அதச் சுத்தி வளந்து இறுக்கிப் பிடிக்க நாலஞ்சு மாசம் ஆகும். அதுக்குப் பெறகுதான் பல்லு."

"எனக்கு ஆறு மாசத்தில மகள்ட கலியாணம் டொக்டர். மாசத்தில கொஞ்சம் கொறைங்க."

"மாசத்தக் கொறைக்க என்னால முடியாது. அது எலும்போட வேல."

அவள் இன்னொன்றும் சொன்னாள், ஒளிக்காமல் சொன்னாள். கலியாணத்துக்கு நல்லதாக ஒரு பிளேட் போதும், கிளிப் வைத்து இறுக்கமாகச் செய்து தரலாம், அதில் பேசிப் பழகிக்கொள்ளுங்கள், இம்ப்ளான்டை ஆறுதலாகப் பார்ப்போம் என்றாள். பிளேட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஹஸீப் நானாவின் காதில் மைக்கின் தட்டுச் சத்தமும் லயத்துச் சிரிப்பும் கேட்டன. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் ஏறவில்லை. எந்த வியாபாரத்திலும் முதலில் சொல்கிற விலை கடைசி விலை இல்லை என்பது அவர் கட்சி. மாதமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். வீட்டில் சுவரில் துளை போட்டு ஸ்க்ரூ இறுக்கிய அன்றே அதில் மணிக்கூடு மாட்டியவர்தானே! எலும்பு மட்டும் என்ன நாலு மாதம் யோசிக்கிறது?

ஷஹீலாவிடம் சொன்னபோது அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்தே விட்டாள்.

"ஒரு வேன வாயில வச்சிக்கிட்டுத் திரியப் போறீங்களா?"

"என்ட வாய்தானே வேன் எல்லாம்! வாயில்லாட்டி வேன்ல என்னத்த ஏத்துற?"

"கலியாணத்துக்குப் பல்லு வந்திருமா?"

"வந்திரும்," என்றார், கண்ணைப் பார்க்காமல்.

அந்த மனிதர் அதற்குப் பிறகு பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். சீனி போட்ட தேத்தண்ணியை விட்டார். லயத்து வாசலில் பழைய வாடிக்கைக்காரர்கள் அன்போடு நீட்டுகிற கோப்பையை வேண்டாம் என்றார். "நானாவுக்கு இப்ப எங்க வீட்டுத் தண்ணி ஆகாதாக்கும்," என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குளிசையை மறக்காமல் போட்டார். விடிந்ததும் பதுளை ரோட்டில் வேக நடை நடந்தார். முரசைச் சுத்தம் செய்யும்போது உயிர் போய் வந்தது. இத்தனையிலும் நாக்கு மட்டும் அந்த வெற்றிடத்துக்கு ஓயாமல் போய்ப் போய் வந்தது. தூக்கத்திலும் போனது. எதைச் செய்தாலும் பாதியில் விட்டார். லுணுகலைச் சந்தையில் மைக்கைப் பிடிக்காமல், போனில் குரலைப் பதிந்து ஓடவிட்டு, ஆட்டோவுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தார். பதிந்த குரலில் பல் இருந்த காலத்துச் சத்தம். குரலைக் கேட்டு ஏமாந்து வந்தவர்கள், ஆளைப் பார்த்து, "நானாவுக்குச் சொகமில்லயா?" என்று கேட்டார்கள்.

சீனி இறங்க மூன்று மாதம் பிடித்தது. ஸ்க்ரூ இரண்டும் உள்ளே போயின. வலி அவர் பயந்த அளவு இல்லை. ஆனால் நிக்காஹுக்கு இன்னும் மூன்று மாதமே இருந்தது. டொக்டரிடம் காட்டப் போகிறபோதெல்லாம், "பிடிச்சிட்டா டொக்டர்? தட்டிப் பாருங்களேன்," என்று வாயைத் திறந்துகொண்டு பேரம் பேசினார். அவசரப்பட்டு இப்போதே பல்லை மாட்டிக் கடித்தால் ஸ்க்ரூ ஆடிவிடும், பிறகு கழற்றி எறிவதுதான், என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில், பார்வைக்கு மட்டும் என்று இலேசான ஒரு தற்காலிக பிளேட் செய்து கொடுத்தாள். புண்ணில் அழுந்தாமல் இருக்கக் கொஞ்சம் தளர்வாகத்தான் செய்ய முடிந்தது. "இதோட பேசிப் பழகுங்க, தெனமும் சத்தமா வாசிங்க," என்றாள்.

பழகினாரா? இல்லை. மேசை லாச்சிக்குள் வைத்தார். அதைத் தொடவே அருவருத்தார். கலியாணத்துக்குப் பல் வராது என்பதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. ஜுமானா கேட்டாள், "வாப்பா, பல் எப்ப?" "இந்தா வருது," என்றார். திரும்பவும் கேட்டாள். "இந்தா வருது." ஆட்டோவுக்குள் தார்ப்பாயை இறக்கிவிட்டுச் சொல்லிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

நிக்காஹ் நாள் வந்தது. பள்ளிவாசலில் ஆண்கள், பக்கத்து மண்டபத்தில் பெண்கள், அங்கே ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். ஹஸீப் நானா புதுச் சட்டை, புதுத் தொப்பி, லாச்சியிலிருந்து எடுத்த பிளேட். பார்த்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். பத்து வயது குறைந்திருந்தது. ஸாஹிர் எதிரில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினான். மௌலவி மைக்கை ஹஸீப் நானாவின் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தார்.

ஆயுசு முழுக்க மைக்கின் முன் நின்றவர். மூச்சை இழுத்தார். நாக்கு அசைந்ததும் பிளேட் அசைந்தது. மேலண்ணத்திலிருந்து அது மெல்ல இறங்குவதை அவர் உணர்ந்தார். இங்கே, இத்தனை பேருக்கு முன்னால், மாப்பிள்ளையின் கைமேல் அது விழுந்தால்? வடிவம்மா சிரித்ததைத் தாங்கிக்கொண்டார். சம்பந்திவீட்டார் சிரித்தால்? ஜுமானாவின் நிக்காஹ் என்றாலே ஊருக்கு அந்தப் பல்தானே நினைவில் நிற்கும்! வியர்த்துக் கொட்டியது. வாயை மூடினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, மௌலவியைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார்: நீங்களே சொல்லுங்க.

சபையில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். மௌலவி பொறுப்பை ஏற்று, அழகாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். ஸாஹிர் ஏற்றுக்கொண்டான். துஆ ஓதினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

பெண்கள் பக்கம் போனபோது ஜுமானா எழுந்து நின்றாள். ஸ்பீக்கரில் எந்தக் குரல் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் அழவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிடுவது போல் கிட்ட வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ராத்தாவுக்குக் கொரோனா. எனக்குப் பல்லா வாப்பா?"

ஹஸீப் நானா சால்வையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகவே நடந்தது, அதுதான் கொடுமை. எலும்பு பிடித்தது. டொக்டர் கம்சலா எக்ஸ்ரேயைப் பார்த்து, சீனியைக் கட்டிக் காத்ததற்கு அவரைப் பாராட்டினாள். நாலு பல்லும் மாட்டினாள். இரண்டு நேரமும் துலக்க வேண்டும், இடுக்கில் நூல் விட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், சீனி ஏறினால் இதுவும் போகும் என்றாள். வெளியே வந்து, சோளப் பொத்தி ஒன்று வாங்கிக் கடித்தார். பல் கடித்தது. பூனாகலையில் மைக்கைப் பிடித்து, "வாங்க வாங்க வாங்க" என்று மூன்றாவது "வாங்க"வை வேண்டுமென்றே நீட்டி இழுத்தார். மலை திருப்பிச் சொன்னது. வடிவம்மா கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள்.

"நெசப் பல்லாட்டமே இருக்குங்க நானா. எம்புட்டு ஆச்சு?"

"ஒரு வேன்," என்றார்.

"அடி ஆத்தே! அப்ப வாயத் தொறந்து வச்சுக்கிட்டே போங்க. ஊரு பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். பணம் வீண் போகவில்லை என்று ஷஹீலாவே ஒத்துக்கொண்டாள், வியாபாரம் ஏறிவிட்டது. ஆனால் ஹஸீப் நானாவுக்கு வாய்க்குள் அந்த நாலு பல்லும் யாரோ தெரியாதவர்கள் போல் இருந்தன. எதற்காக வாங்கினாரோ அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவை சொல்லின. ஜுமானா போன் எடுத்தால் உம்மாவோடு பேசுவாள். "வாப்பாக்கு ஸலாம் சொல்லுங்க" என்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு நாள் பாதிச் சோற்றில் எழுந்தார். தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போகிறார் என்று ஷஹீலா நினைத்தாள். ஆட்டோ புறப்படும் சத்தம் கேட்டது. நேரே பண்டாரவளை.

ஸாஹிர் அப்போதுதான் சந்தையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தான். மாமாவைக் கண்டதும் பதறி எழுந்து கதிரை இழுத்துப் போட்டான். ஜுமானா வந்து பார்த்தாள்.

"காட்டுங்க வாப்பா," என்றாள்.

வாயைத் திறந்து காட்டினார், ஒரு பள்ளிப் பிள்ளையைப் போல.

"அழகா இரிக்கி. நல்லாப் பிடிச்சிட்டா?"

"இரும்பு மாதிரி. கத்தினாலும் கழறாது."

"எதுக்காக இவ்வளவு பாடுபட்டுப் போட்டீங்க?"

அவர் தலையைக் குனிந்தார். "ஒனக்காகத்தான் புள்ள. அந்தப் பிளேட் எல்லாருக்கும் முன்னால விழுந்திரும்டு பயந்திட்டன். ஒன்ட நாள்ல ஒன்னப் பாத்துச் சிரிச்சிருவாங்களோன்டு பயந்திட்டன். முந்தியே சொல்லியிருக்கணும், வெட்கத்தில சொல்லல்ல."

"விழுந்திருந்தா எடுத்துப் போட்டுக்கிட்டு மிச்சத்தச் சொல்லியிருக்கலாம் வாப்பா. சிரிச்சிருப்பாங்க. நானும்தான் சிரிச்சிருப்பன். ஒங்கட சத்தம் கேட்டிருக்குமே?"

ஸாஹிர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கை துடைத்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜுமானா அவன் தோளைப் பிடித்து, வாப்பாவுக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.

"இப்ப எப்பிடிப் புள்ள? அதெல்லாம் முடிஞ்சி..."

"முடிஞ்சது முடிஞ்சதுதான். நிக்காஹுக்குக் கேக்கல்ல. நான் காதால கேக்கிறதுக்குத்தான் கேக்கிறன்."

ஸாஹிர் வலது கையை நீட்டினான். ஹஸீப் நானா அதைப் பிடித்தார். மரக்கறி மூட்டை தூக்கிக் காய்த்த கை. "என்ட மகள் ஜுமானாவ..." என்று தொடங்கினார். அவ்வளவுதான். பல் நாலும் அசையாமல் நின்றன. உதடு கிடந்து துடித்தது. இன்னொரு தடவை தொடங்கினார். அதே இடத்தில் நின்றது. வெட்கத்தையும் மீறிக் கண்ணீர் தாடியில் இறங்கியது.

ஜுமானா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் மட்டும் வந்தது, அடைத்துப்போன குரல்.

"சத்தமாச் சொல்லுங்க வாப்பா. இங்க கேக்கல்ல."

சத்தமாக! ஹஸீப் நானாவிடம் சத்தமாகச் சொல்லச் சொல்ல வேண்டுமா? மூச்சை இழுத்தார். லுணுகலைச் சந்தைக்கும் பூனாகலை மலைக்கும் சேர்த்து இழுத்தார்.

"என்ட மகள் ஜுமானாவ, ஸாஹிர், ஒங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து பார்த்தாள். ஸாஹிர் கையை விடாமல், "ஏற்றுக்கொண்டேன்," என்றான். அவனும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னான்.

அடுப்படியில் குழாய் நின்றது.

"இன்னொருக்காச் சொல்லுங்க வாப்பா," என்றாள் ஜுமானா.